கண்ணாடிச் சரிவு

டிசம்பர் 6

இரண்டு நாள் மழை. நேற்று மாலை வானம் வெளித்தது. விடிவதற்குள் மலை முழுவதும் உறைந்துவிட்டது. ஸ்கீ வாடகைக் கடையைத் திறக்கும்போதே இன்றைக்கு முழு நாளும் தீட்டும் வேலைதான் என்று தெரிந்தது. வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் பத்து மணிக்கே திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். "ஸ்கீ வழுக்குகிறது" என்பதுதான் எல்லாருடைய முறைப்பாடும். முதலாளி ஊர்ஸ் சிரிக்காமல் ஒவ்வொன்றாக வாங்கி என் மேசையில் அடுக்கினார். முப்பத்தொரு சோடி.

ஸ்கீ என்னும் சறுக்குப் பலகையின் அடிப்பக்கத்து இரண்டு ஓரங்களிலும் உருக்குப் பட்டி ஓடும். புதுப்பனியில் அது மழுங்கிக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. இறுகி உறைந்த பனியில் காலைத் தாங்குவது அந்த மில்லிமீற்றர் அகல உருக்கு மட்டும்தான். அரத்தால் கோணம் எடுத்து, வைரத்தூள் கல்லை நனைத்து இழுத்து, கடைசியில் பெருவிரல் நகத்தை ஓரத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்ப்பேன். நகம் தூளாகச் சீவி வந்தால் வேலை முடிந்தது. குளிர்காலம் முழுக்க என் இடது பெருவிரல் நகம் பள்ளமாகவே இருக்கும்.

கடைசியாக நிதாவின் சோடியை எடுத்தேன். அதை வேறு எவரும் தொட நான் விடுவதில்லை. நிதர்சனா என் மாமியின் மகள். ஒன்பது வயதில் அவளுக்குக் கண் பழுதாகத் தொடங்கியது. பதினைந்து வயதில் வெளிச்சம் எது, இருள் எது என்று தெரிவது மட்டும் மிச்சம். இப்போது முப்பது வயது. பார்வையற்றோர் பனிச்சறுக்கில் போட்டியிடுகிறாள். நான் அவளுடைய வழிகாட்டி. நாலு மீற்றர் முன்னால் சறுக்கிக்கொண்டு, தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிவாங்கியில் நான் வழி சொல்ல, என் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் வருவாள். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில்.

மார்ச் 14 அன்று தேசிய அணிக்கான தெரிவுப் போட்டி. முதல் இரண்டு பேருக்குத்தான் இடம்.

டிசம்பர் 13

பயிற்சி. ஐந்து ஓட்டம். வழி நெடுக நட்ட கம்பங்கள்தான் வாயில்கள், அவற்றை இடமும் வலமுமாகச் சுற்றி இறங்க வேண்டும்.

பனிக்கு நாங்கள் மூன்று பெயர் வைத்திருக்கிறோம். இளகிய புதுப்பனி "மா". வெயில் பட்டுக் குருணையானது "சீனி". இறுகி மினுங்குவது "கண்ணாடி". நான் பன்னிரண்டு வயதில் கோப்பாயிலிருந்து இந்த சுவிஸ் மலைக்கிராமத்துக்கு, மாமி வீட்டுக்கு வந்தபோது பனிக்கு என்னிடம் ஒரு சொல்கூட இருக்கவில்லை. நிதாவும் நானும் சேர்ந்து உண்டாக்கியவை இவை. மற்றச் சோடிகள் எல்லாரும் யேர்மன் மொழியில் கத்திக்கொண்டு போகும்போது எங்கள் தமிழ் மட்டும் சரிவில் தனியாகக் கேட்கும்.

இன்று முழுக்கக் கண்ணாடி. பார்வையுள்ளவர்களே ஓரமாக நின்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நிதா யோசிக்கவில்லை.

"மச்சாள், முதல் வாயில் எந்தப் பக்கம்?"

"இடம்."

"அப்ப ஏன் நிக்கிறம்?"

இவளைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை.

டிசம்பர் 25

கடை பூட்டு. வாடகைச் சப்பாத்துகள் நூற்றிருபதின் உள்மெத்தைகளைக் கழற்றிக் காயப் போட்டேன். மாமி றோல்ஸ் பொரித்து அனுப்பியிருந்தார்.

ஜனவரி 11

பயிற்சியில் நிதா விழுந்தாள். விலா எலும்பு இரண்டு வெடித்திருக்கிறது. பனி மிக மோசம்.

ஜனவரி 12

ஆஸ்பத்திரி. நிதா மூச்சைக் கவனமாக எடுத்து விடுகிறாள். சிரிக்கப் பண்ண வேண்டாம் என்றாள். நான் சிரிக்கப் பண்ணும் நிலையில் இல்லை.

வெளியே பயிற்சியாளர் கொரினா காத்திருந்தார். நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். செங்குத்தான பகுதி, ஏழாவது வாயில். மேற்பனி காற்றில் அள்ளுண்டு, அடியில் நீல நிறமாக ஒரு பாளம் தெரிந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நிதா நேரே போய்ப் பாதுகாப்பு வலையில் மோதினாள்.

"நீ அழைப்புக் கொடுத்தாயா, 'இடம்' என்று?" என்று கொரினா கேட்டார்.

அழைப்புக் கொடுக்கப்பட்டது. அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 14

மாமி வீட்டில் சாப்பாடு. நிதா சாய்கதிரையில் தலையணை அணைத்துக்கொண்டு இருந்தாள்.

மாமி என் தட்டில் புட்டை அள்ளி வைத்துக்கொண்டே சொன்னார்: "நீ முன்னால போனபடியால்தான் பிள்ளை இந்த அளவோட தப்பினது, தர்மினி. வேற ஆரும் எண்டா என்ன நடந்திருக்குமோ."

நிதா முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

புட்டைப் பாதியில் விட்டேன். மா கொஞ்சம் காய்ந்திருந்தது.

ஜனவரி 20

நிதாவின் ஸ்கீயைத் திரும்பவும் சோதித்தேன். ஓரம் எண்பத்தேழு பாகையில் சரியாகத்தான் இருக்கிறது. வலது ஸ்கீயில், மூக்கிலிருந்து இரண்டு சாண் தள்ளி ஒரு சிறு பிசிறு. இது வலையில் மோதியபோது வந்ததாகவும் இருக்கலாம். முன்னமே இருந்திருக்கவும் கூடும். முன்னமே இருந்திருந்தால் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

கல்லால் தேய்த்து எடுத்துவிட்டேன்.

ஜனவரி 23

இன்னும் ஒரு பாகை கூராக்கினால் கண்ணாடியை நன்றாகக் கடிக்கும். எண்பத்தாறுக்கு இறக்கினேன். என்னுடையதையும்.

ஜனவரி 27

ஊர்ஸ் என் மேசைக்கு வந்து நின்றார். நிதாவின் ஸ்கீயை எடுத்து, ஓரத்தில் விரலை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கிழமை இதை எத்தனையாவது தடவை தீட்டுகிறாய்?"

"மூன்றாவது."

"இப்படியே போனால் உருக்கு முடிந்துவிடும்," என்றார். போகும்போது திரும்பி, "நீ ஏன் சறுக்கப் போவதில்லை? இரண்டு கிழமையாகப் பார்க்கிறேன்," என்றார்.

கடையில் வேலை அதிகம் என்றேன்.

பெப்ரவரி 3

நிதா வீட்டில் ஒற்றைக் காலில், உருளைப் பலகைமேல் நின்று பயிற்சி செய்கிறாள். விலா இன்னும் வலிக்கிறது. அதை மாமியிடம் சொல்லவில்லை. நான் போனபோது வியர்த்துக்கொண்டே, "கதை சொல்லு மச்சாள். உன்ர குரலைக் கேட்டுக்கொண்டு நிண்டாத்தான் காலுக்கு ஞாபகம் வருகுது," என்றாள்.

கடைக்கு வந்த ஆட்களைப் பற்றிச் சொன்னேன். பத்தொன்பது நிமிடம் அசையாமல் நின்றாள். இடையில் ஒரு தடவை மட்டும், "உன்ர குரல் என்ன, சளியோ?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

பெப்ரவரி 18

ஐந்து கிழமைக்குப் பிறகு நிதா பனியில் இறங்கினாள்.

நல்ல நாள் என்று எழுத ஆசை. எண்பத்தாறு பாகை ஓரம் அளவுக்கு மிஞ்சிக் கடித்தது. பனியைப் பிடித்தது, ஆனால் விடவில்லை. திருப்பத்தை முடித்து அடுத்ததற்கு மாறும்போது கொழுவி இழுத்தது. இரண்டாவது ஓட்டத்தில் நிதா முழங்காலில் விழுந்து எழும்பினாள். கொரினா ஸ்கீயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யார் செய்தது?" என்றார்.

"நான். கண்ணாடியில் பிடிக்க வேண்டும் என்று."

"பழையபடி எண்பத்தேழுக்குக் கொண்டு வா. இந்தப் பெண்ணுக்கு ஸ்கீயில் ஒரு குறையும் இருந்ததில்லை."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெப்ரவரி 19

இதை விரிவாக எழுத வேண்டும்.

காலையில் கேபிள் பெட்டியில் நிதாவும் நானும் மட்டும். எட்டு நிமிடப் பயணம். பாதி வழியில் நிதா சொன்னாள்:

"மச்சாள், கண்ணாடியில ஸ்கீ ரெண்டு சத்தம் போடும். ஓரம் வெட்டிக்கொண்டு போனா பட்டுத்துணி கிழியிற மாதிரி ஒரே நீளச் சத்தம். ஆள் பயந்து ஸ்கீயைக் குறுக்கால திருப்பி வேகத்தை மறிச்சா சட்டி சுரண்டுற சத்தம். தெரியுமோ?"

தெரியும் என்றேன்.

"அண்டைக்கு ஏழாவது வாயில்ல நீ சுரண்டினாய். பேந்துதான் உன்ர குரல் நிண்டது."

கண்ணாடிக்கு வெளியே மரங்கள் கீழே போய்க்கொண்டிருந்தன.

"நீ இடம் எண்டு சொல்லேல்லை. நான் சொல்லுவாய் எண்டு நேர வந்தனான். வந்து வலையில விழுந்தனான்."

"தெரிஞ்சுகொண்டா இவ்வளவு நாளும் பேசாம இருந்தனி?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தனான்."

"கொரினாட்டை ஏன் சொல்லேல்லை?"

"அது என்ர கதையில்லையே, உன்ர கதை." அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "நீ விழுந்தனி எண்டா எனக்கு ஒண்டுமில்லை, மச்சாள். பயந்தனி எண்டாலும் ஒண்டுமில்லை. ஆனா ஸ்கீயை இப்பிடித் தீட்டித் தீட்டி எனக்குத் தந்தியே, என்ர காலில பிழை இருக்கிற மாதிரி. அதுதான்."

பெட்டி மேலே போய் நின்றது. இறங்க அவளுக்குக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அந்த நீலப் பாளத்தைக் கண்டதும் என் கால்கள் தாமாகவே குறுக்கே திரும்பின. மூச்சும் நின்றது, குரலும் நின்றது. ஒரு விநாடிதான் இருக்கும். அந்த விநாடியில் பின்னால் ஒருத்தி வருகிறாள் என்பதை நான் மறந்துபோனேன்.

அழைப்புக் கொடுக்கப்படவில்லை. நான் கொடுக்கவில்லை.

பெப்ரவரி 20

கொரினாவிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்ததையும் திருத்திக் கொடுத்தேன்.

அவர் நீண்ட நேரம் கையுறையை மடித்துக்கொண்டிருந்தார். "பயப்படாத வழிகாட்டி எனக்கு வேண்டாம். பயத்தை ஒளிக்கிறவள்தான் ஆபத்து," என்றார். பிறகு நிதாவைக் கூப்பிட்டு, தெரிவுப் போட்டிக்கு வேறு வழிகாட்டி வேண்டுமா என்று எனக்கு முன்னாலேயே கேட்டார்.

"இவளோடுதான் போவேன்," என்றாள் நிதா.

சாயந்தரம் மாமியிடமும் சொன்னேன். மாமி அழுதார். என்னை ஏசவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து எனக்குத்தான் முதலில் தந்தார்.

மார்ச் 2

பத்து நாளாக, விடியற்காலை, கண்ணாடி மட்டும். வெயில் ஏற முதல் போய், இளகத் தொடங்க வந்துவிடுகிறோம்.

பதினேழு வருடமாகச் சறுக்குகிறேன். இருந்தும், நிதா சொல்லித்தான் சில விடயம் காலுக்கு விளங்குகிறது. பயந்தவர் உடம்பை மலைப்பக்கம் சாய்ப்பார். சாய்ந்தால் பள்ளப்பக்கத்து வெளிக்காலிலிருந்து பாரம் போய்விடும். பாரம் போனால் எவ்வளவு கூரான ஓரமும் பிடிக்காது. மார்பைப் பள்ளத்தின் பக்கம் கொடுத்து, முழுப் பாரத்தையும் வெளிக்காலில் வைப்பவரைத்தான் கண்ணாடி தாங்கும். அதையும் மிதித்து அமத்தக் கூடாது. நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல மெல்ல வைக்க வேண்டும்.

"ஸ்கீயை நம்பு," என்கிறாள். "அதுக்குள்ள ரெண்டு உலோகத் தகடு இருக்கெண்டு நீதானே எனக்குச் சொன்னனி. நீளத்துக்கு வில்லு மாதிரி வளையும், ஆனா முறுகாது எண்டு. நீ பாரத்தை வைச்சா அது மிச்சத்தைப் பாக்கும்."

நான் அவளுக்குப் பாடமாகச் சொன்னவற்றை அவள் காலால் செய்து வைத்திருக்கிறாள்.

ஏழாவது வாயிலை இன்று ஆறு தடவை கடந்தோம். ஐந்தில் நான் சுரண்டவில்லை.

மார்ச் 9

ஊர்ஸுக்குக் காய்ச்சல். கடையில் தனியாக நின்றேன். கையெல்லாம் மெழுகு.

மார்ச் 14

போட்டி.

சரிவுக்குள் மூன்று நாளாகத் தண்ணீர் செலுத்தி உறைய வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றுதான் அப்படிச் செய்வது. விளிம்பில் நின்று பார்த்தால் எங்கள் நிழல் அதில் தெரிந்தது. ஆறு சோடிகள். நாங்கள் நாலாவது.

முதல் ஓட்டம். நீலம் கண்ட இடங்களில் எல்லாம் வாய்விட்டு "கண்ணாடி" என்று கத்தினேன். கத்தினால் மூச்சு நிற்காது என்று நிதா கண்டுபிடித்த வழி. செங்குத்தில் ஒரு தடவை வாய் தடுமாறியது. "வலம்… ம்ம்… இடம்!" குரல் நிற்கவில்லை. கீழே வந்தபோது மூன்றாம் இடம்.

இரண்டாவது ஓட்டத்துக்கு நிற்கும்போது நிதா கேட்டாள்: "உன்னால இன்னும் விரைவாப் போகேலுமோ?"

"ஏலும்."

போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் சறுக்கியதில்லை. காதுக்குள் நிதாவின் மூச்சு. அதோடு அவளுடைய குரலும்: "போ! போ மச்சாள், போ!" அவளுடைய ஓரம் எனக்குப் பின்னால் பட்டுத்துணி கிழித்துக்கொண்டு வந்தது. நடுவிலே ஒரு நீண்ட திருப்பத்தில் அந்தச் சத்தம் அறுந்தது. அவள் சுரண்டினாள். அடுத்ததிலும் சுரண்டினாள். கடைசி வாயில்களுக்கு முன்னால் மூன்றாவது தடவை.

இரண்டாம் இடம். மூன்றாவது ஆளுக்கும் எங்களுக்கும் இடையே விநாடியில் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசம்.

நிதா தேசிய அணியில்!

மாமி கம்பி வேலியைத் தாண்டி ஓடி வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். எல்லாரும் அழுதோம். ஊர்ஸ் காய்ச்சலோடு வந்து நின்று கைதட்டினார்.

மார்ச் 15

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

நிதா கண்ணாடியில் சுரண்டுகிறவள் இல்லை. நான் வழியை மறித்தேன். என்னுடைய முழு வேகத்தில் நான் போனபோதும், என் குதியில் முட்டாமல் இருக்க அவள் மூன்று தடவை தன் வேகத்தை முறித்தாள். அந்த மூன்றும் இல்லாவிட்டால் முதலாம் இடம் வேறு யாருக்கும் இல்லை. என் பயம் குறைந்துவிட்டது, உண்மை. ஆனால் பயம் இல்லாமலும் என் கால்கள் இவ்வளவுக்குத்தான். அவளுடைய கால்கள் எவ்வளவுக்கு என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

இந்த முறை ஆறு கிழமை காத்திருக்க வைக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கே போய்ச் சொன்னேன்.

நிதா பாணைக் கீழே வைத்தாள். "என்னை விட்டிட்டு ஓடுறியோ?"

"இல்லை. உனக்கு முன்னால நிக்கிறன். விலத்துறன்."

"ஆர் கேட்டது உன்னை விலத்தச் சொல்லி?"

"உன்ர ஸ்கீ கேட்டது. நேற்று மூண்டு தரம்."

அவள் முகம் சிவந்தது. எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாமி என்னைப் பார்த்தார், நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். அரை மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது.

"உனக்குக் கேட்டதோ?" என்றாள்.

"கேட்டது."

"நான் கேக்காது எண்டு நினைச்சனான்." கதிரையைத் தடவி இழுத்து இருந்தாள். "பிழையான வேலை பாக்கிறாய் மச்சாள். ஆனா பொய்யில்லை."

மார்ச் 19

கொரினா, நிதாவுக்குப் புது வழிகாட்டியாக லீவியா என்ற பெண்ணைக் கூட்டி வந்தார். முன்பு பார்வையுள்ளோர் பிரிவில் போட்டியிட்டவள், இருபத்தாறு வயது, தொடை இரண்டும் தூண் மாதிரி. நிதாவுடன் யேர்மனில் கதைக்கலாம் என்றுதான் கொரினா நினைத்தார். நிதா மாட்டேன் என்றாள். யேர்மன் சொற்கள் நீளமாம், வாயிலைத் தாண்டின பிறகுதான் வந்து சேருமாம்.

ஆகவே கடையில் வைத்து லீவியாவுக்கு நான் ஐந்து சொல் பழக்கினேன். இடம், வலம் உடனே வந்துவிட்டது. "மா"வும் "சீனி"யும் அதைவிடச் சுலபம். "கண்ணாடி"தான் பாடுபடுத்தியது. "கன்னாதி, கன்னாதி" என்று சொல்லிக்கொண்டே போனாள். நிதா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஸ்கீ தீட்டும் வேலை என்னுடையதுதான். அதை யாரிடமும் கொடுப்பதாக இல்லை என்று கொரினாவிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

மார்ச் 27

இருவருக்கும் தீட்டினேன். எண்பத்தேழு.

மார்ச் 28

காலை ஏழரை. இரவுக் குளிரில் சரிவு முழுக்க இறுகிக் கிடந்தது. பாதி வழியில், வலைக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். நிதாவும் லீவியாவும் சேர்ந்து இறங்கும் முதல் முழு ஓட்டம்.

பதினேழு வருடம் அவளோடு சறுக்கியிருக்கிறேன். எப்போதும் அவளுக்கு முன்னால். தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்திருக்கிறேன், தலைக்கவசமும் முழங்காலும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஓரிடத்தில் அசையாமல் நின்று அவள் வருவதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை என்பது, மேலே இரண்டு புள்ளிகள் அசையத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

சத்தம் முதலில் வந்தது. அறாத ஒரே கிழிசல். பிறகு லீவியா என்னைக் கடந்து போனாள். பின்னால் நிதா.

கீழே ஓடினேன் என்பதா, சறுக்கினேன் என்பதா, எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. நிதா ஸ்கீயைக் கழற்றாமல், தடிகளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"பாத்தனியோ?"

"பாத்தன். நேரம் எவ்வளவு எண்டு லீவியாவிட்டைக் கேள்."

"நேரத்தை விடு. நான் எப்பிடி இருந்தனான்?"

"எப்பிடி எண்டா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதே மச்சாள். ஆரும் சொன்னதில்லை. பிழையை மட்டும்தான் சொல்லுவினம். நான் போகேக்க எப்பிடி இருக்கும்?"

இந்த முறை குரலை நிற்க விடவில்லை.

"உன்ர தலை அசையவே இல்லை," என்றேன். "கீழ முழுக்க அசையுது, தலை மட்டும் தண்ணியில மிதக்கிற மாதிரி நேர வருகுது. திரும்பேக்க இடுப்பு நிலத்துக்குக் கிட்டப் போகுது, விழப்போறாய் எண்டு பாத்தா ஸ்கீ வளைஞ்சு உன்னைத் தூக்கி மற்றப் பக்கம் வைக்குது. பனி தூளாப் பறக்கேல்லை, ஒரு துளிகூட. நீ போன இடத்தில ரெண்டு கோடுதான் இருக்கு, பென்சிலால கீறின மாதிரி மெல்லிசா."

"ரெண்டும் ஒரே அளவா?"

"ஒரே அளவு. மேலயிருந்து கீழ வரைக்கும்."

மேலே ஏற்றிச் செல்லும் இழுவைக் கம்பிக்கு அருகிலிருந்து கொரினா இரண்டாவது ஓட்டத்துக்குக் கூப்பிட்டார். நிதா அந்தப் பக்கம் திரும்பி, "பொறுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினாள். வலது கையுறையைப் பல்லால் கழற்றி, தடவித் தேடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் சொல்லு," என்றாள்.